எஞ்சின் போச்சா, மக்கா?

போன மாதம் என்னைக் கடலில் பலமுறை காப்பாற்றினார்கள். அப்போதெல்லாம் எனக்கு ஓர் ஆபத்தும் இல்லை. நிஜமாகவே ஆபத்து வந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? டாட்டா காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

இருங்கள்... முதலிலிருந்து வருகிறேன்.

பேப்பரில் ஒரு சின்ன விளம்பரம். டால்பின்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று நம் இராஜாக்கமங்கலம் பக்கத்துக் கடலில் ஆராய்ச்சி நடக்கிறது. வள்ளத்தில் கூடவே வந்து உதவ சில நாட்களுக்குத் தன்னார்வலர்கள் தேவை. கடல் அனுபவம் அவசியமில்லை, பொறுமை அவசியம். முதல் தகுதி எனக்கு முழுசாக இருந்தது. நாகர்கோவிலிலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆகி, இன்றுவரை கடலில் முழங்காலுக்கு மேல் நனையாதவள் நான். பொறுமையைப் போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று பெயரைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்காரர் பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"ஏட்டி, வீட்ல நான் பேசுததே ஒனக்குக் கேக்காது. கடல்ல மீனு பேசுதத கேக்கப் போறியா?"

"டால்பின் மீன் இல்ல. குட்டி போட்டுப் பால் குடுக்கும்."

"அப்பம் செரி. போயிட்டு வா."

இதில் எதைக் கேட்டு மனசு மாறினார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வள்ளத்தில் நாங்கள் நான்கு பேர். ஆராய்ச்சி செய்கிற பெண் சௌம்யா — கோயம்புத்தூர்க்காரி, மெலிந்த உருவம், கழுத்தில் எப்போதும் ஹெட்போன். இன்னொரு தன்னார்வலர் ஞானதாஸ் சார் — குலசேகரத்துக்காரர், ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், இப்போது கொஞ்சம் ரப்பர் மரங்களுக்கு மட்டும் தலைமையாசிரியர். மரங்கள் எதிர்த்துப் பேசுவதில்லை என்பதால் பேச்சுத்துணை தேடிக் கடலுக்கு வந்திருந்தார். நான்காவது ஆள் வள்ளக்காரர் டென்னிஸ். ஊர்த் தேவாலயத்தின் பங்குக் கமிட்டி உறுப்பினர். ஞாயிறு பூசையைத் தவறவிட்டதே இல்லை என்பதை அறிமுகமான உடனேயே சொல்லிவிட்டார்.

கூடவே இன்னொன்றும் சொன்னார். பூசைக்கு எட்டிப் பார்க்காத ஓர் ஆளைப் பற்றி. பெயர் சேசடிமை. டென்னிஸின் தங்கை மாப்பிள்ளை, பக்கத்து வீடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே மதில். திருவிழாச் சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போகவேண்டும் என்பதில் இரண்டு பேருக்கும் தகராறு. சப்பரம் கமிட்டி சொன்ன தெருவில் போனது. சேசடிமை கோயிலுக்குப் போவதை விட்டார், டென்னிஸோடு பேசுவதையும் விட்டார்.

"பேருல சேசு இருக்காரு. ஆளு கோயில்ல இல்ல" என்று டென்னிஸ் கரையைப் பார்த்துச் சொன்னார். சேசடிமைக்குக் கேட்டிருக்க வேண்டும் என்ற ஆசை குரலில் இருந்தது.

சரி, டால்பினுக்கு வருவோம். நம்மூரில் ஓங்கல் என்பார்கள். சௌம்யா சொன்ன விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ஒவ்வொரு ஓங்கலுக்கும் தனக்கென்று ஒரு விசில் உண்டாம், கிட்டத்தட்ட பெயர் மாதிரி. தாய் தன் விசிலைக் கொடுத்துக் குட்டியைக் கூப்பிடுமாம். குட்டி தன் விசிலால் பதில் சொல்லுமாம். அந்த அம்மா-பிள்ளை பேச்சை எஞ்சின் சத்தமும் மனுஷச் சத்தமும் கலக்காமல் ஒரே ஒரு தடவை முழுசாகப் பதிவு செய்துவிட்டால் போதும், நம் கடலில் ஆராய்ச்சி தொடரும். இல்லையென்றால் மேலிடம் மூட்டை கட்டச் சொல்லிவிடும். இந்தப் பயணம்தான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு.

"அதனால எஞ்சினை நிறுத்தி, மைக்கைத் தண்ணிக்குள்ள விட்டதும் யாரும் பேசக்கூடாதுங்க. ப்ளீஸ்ங்க அக்கா" என்றாள். ஞானதாஸ் சாரை விட்டுவிட்டு என்னைப் பார்த்து ஏன் சொன்னாள் என்பது தனிக் கேள்வி.

முதல் நாள். தை மாதக் கடல், அலையே இல்லை. தூரத்தில் முதுகுகள் தெரிந்தன. டென்னிஸ் எஞ்சினை அணைத்தார். மைக் தண்ணீருக்குள் இறங்கியது. நாங்கள் மூச்சைக்கூட ஜாக்கிரதையாக விட்டுக்கொண்டிருந்தோம். முதுகுகள் நெருங்கி வந்தன. சௌம்யாவின் முகம் மலர்ந்தது...

அப்போதுதான் வந்தது ஒரு ஃபைபர் வள்ளம். எங்கிருந்து, எதற்கு என்றே தெரியவில்லை. தடதடவென்று நேராக எங்களை நோக்கி வந்து, பக்கத்தில் அணைந்து நின்றது.

"என்ன மக்கா, எஞ்சின் போச்சா?"

"போவல்ல. சும்மா நிப்பாட்டிருக்கோம்" என்றார் டென்னிஸ்.

"சும்மாவா? கடல்ல சும்மா யாரு நிப்பா? மண்ணெண்ணெய் தீந்துட்டா?"

விளக்கி அனுப்பி வைத்தோம். வந்ததைவிடப் பெரிய சத்தத்தோடு போனார்கள். ஓங்கல்கள் அதற்கு முன்பே போயிருந்தன. இன்னோர் இடம் பார்த்து எஞ்சினை அணைத்தோம். இன்னொரு வள்ளம் வந்தது. "எஞ்சின் போச்சா?" அதற்கப்புறம் வந்தவர் கேட்கவே இல்லை, வரும்போதே கயிற்றை வீசிவிட்டார். அது ஞானதாஸ் சாரின் மடியில் விழுந்தது. இன்னொருவர், காலையிலிருந்து பட்டினியாகக் கிடக்கிறோம் என்று தானாகவே முடிவு செய்து, தூக்குவாளியை நீட்டினார். மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும். சௌம்யா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். ஞானதாஸ் சார் மட்டும் முழுமையாகக் காப்பாற்றப்பட்டார்.

எனக்கே பொறுக்கவில்லை. "ஏன் டென்னிஸ், இந்த ஊர்ல யாருக்கும் அவனவன் ஜோலி இல்லியா?" என்றேன்.

"அப்பிடிச் சொல்லப்பிடாது அக்கா. நிக்க வள்ளத்த கேக்காம போவ முடியாது. இன்னைக்கு நான் கேக்காம போனா, நாளைக்கு நான் நிக்கும்போ எவன் வருவான்?"

நியாயம்தான். ஆனால் இங்கே ஒரு பெண்ணின் வேலை தண்ணீரில் போய்க்கொண்டிருக்கிறதே.

சாயங்காலம் டென்னிஸ் வீட்டில் உட்கார்ந்து அன்றைய பதிவுகளைப் போட்டுக் கேட்டோம். கொஞ்சம் விசில் — 'எஞ்சின் போச்சா?' மறுபடி கொஞ்சம் விசில் — 'எஞ்சின் போச்சா, மக்கா?' சௌம்யா ஹெட்போனைக் கழற்றினாள்.

"ஏனுங்க அக்கா, டால்பினுக்குக்கூட ஆளுக்கொரு விசிலுங்க. உங்க ஊருக்கு மொத்தமா ஒரே விசில்தானுங்களா?"

அழுவாளோ என்று பார்த்தேன். சிரித்தாள். எனக்கு அவளை அந்த நிமிடத்திலிருந்து ரொம்பப் பிடித்துவிட்டது. எப்படியாவது இவளுக்கு அந்தப் பதிவு கிடைக்க வேண்டும் என்று என் சொந்த விஷயம் போல வேண்டிக்கொண்டேன்.

வேண்டிக்கொண்டதோடு நிறுத்தியிருக்கலாம். யோசனையும் சொன்னேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. ஏதாவது வள்ளம் நம் பக்கம் திரும்பினால், 'எங்களுக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் போகலாம்' என்று தூரத்திலிருந்தே காட்டிவிட்டால் என்ன? ஞானதாஸ் சாரின் வெள்ளைத் துண்டைத் துடுப்பின் நுனியில் கட்டினேன். முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன், பின்னால் எஞ்சினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த டென்னிஸ் கவனிக்கவில்லை. தூரத்தில் ஒரு வள்ளம் தெரிந்ததும் எழுந்து நின்று, இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்து, முடிந்த மட்டும் வீசினேன்.

"அய்யோ அக்கா! கீழ போடுங்க!" என்று டென்னிஸ் அலறினார்.

பிந்திவிட்டது. கம்பில் துணியைக் கட்டி வீசினால் கடலில் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தானாம்... உயிர் போகிறது, ஓடி வாருங்கள். நாலாபுறமிருந்தும் வந்தார்கள். வலையைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வள்ளம் வந்தது. 'யாரு விழுந்தா? யாரு விழுந்தா?' என்று கேட்டுக்கொண்டே ஓர் இளவட்டம் தண்ணீரில் குதித்தேவிட்டான். விழுந்தவர் யாரும் இல்லாததால் அவனைத்தான் நாங்கள் மேலே தூக்க வேண்டியிருந்தது. வலையைப் பாதியில் விட்டு வந்தவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "ஒண்ணும் ஆவல்லல்லா, அது போதும்" என்று மட்டும் சொல்லித் திரும்பிப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

இதெல்லாம் ஓய்ந்து, கடைசியாக ஒரு குட்டியும் தாயும் வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்தபோது, டிரிரிரிங் என்று ஸ்கூல் மணி அடித்தது. ஞானதாஸ் சாரின் செல்போன். ரிட்டையர் ஆன பிறகும் மணிச் சத்தம் கேட்காமல் அவரால் இருக்க முடியவில்லையாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர், மேகம் போட்டிருக்கிறதே, நாளைக்கு வெட்டலாமா என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார். வெட்ட வேண்டாம் என்று சார் விரிவாகச் சொன்னார். தாயும் குட்டியும் விடைபெற்றுக்கொண்டன.

இனி செல்போன்கள் எல்லாம் கரையில்தான் என்று சௌம்யா சட்டம் போட்டாள். டென்னிஸின் மனைவி மேரியிடம் ஒப்படைக்க வேண்டும்.

ஞாயிறு கடலுக்குப் போகமாட்டார்கள். திங்கள்கிழமை எங்களுக்குக் கடைசி நாள். வள்ளக்காரர்களை எப்படித் தடுப்பது? டென்னிஸ்தான் வழி சொன்னார். பூசை முடிவில் பங்குத்தந்தை மைக்கில் அறிவித்துவிட்டால் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். எழுதித் தரும் பொறுப்பை ஞானதாஸ் சார் ஏற்றார். எழுத்து என்றால் ஓட்டை இருக்கக்கூடாது அவருக்கு. 'டென்னிஸின் வள்ளம் டால்பின் ஆராய்ச்சிக்காகக் கடலில் நிற்கும். யாரும் நெருங்க வேண்டாம். துணியை வீசினாலும் நெருங்க வேண்டாம்.' இது என்னால் வந்த வரி. 'கூப்பிட்டாலும் நெருங்க வேண்டாம்.' இது சௌம்யா சேர்க்கச் சொன்னது, ஏனென்றால் சனிக்கிழமை சார் கிழங்குக்காரரைத் தானே கைதட்டிக் கூப்பிட்டிருந்தார். 'அதுவும் ஆராய்ச்சியின் ஒரு பகுதி' என்று அழகாக முடித்தார். நானும் படித்துப் பார்த்து, பிரமாதம் என்றேன்.

பங்குத்தந்தை இரண்டு பூசையிலும் இரண்டிரண்டு தடவை வாசித்தாராம். டென்னிஸ் பெருமையாகச் சொன்னார்.

திங்கள்கிழமை. ஆகா... என்ன அமைதி! எங்களைப் பார்த்ததும் வள்ளங்கள் எல்லாம் ஒதுங்கி வளைந்து போயின. ஆனால் ஓங்கல்களும் ஒதுங்கிப் போய்விட்டன போல. ஓர் இடத்தில் நின்றோம், இல்லை. எஞ்சினைப் போட்டு இன்னோர் இடம் போனோம், அங்கேயும் இல்லை. போட்டு, அணைத்து, போட்டு, அணைத்து... மத்தியானம் ஆகிவிட்டது. சௌம்யா உதட்டைக் கடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா ஒரு இடம் பாப்போம் பிள்ளே" என்று டென்னிஸ் எஞ்சின் கயிற்றை இழுத்தார். எஞ்சின் ஒரு தடவை இருமியது. மறுபடி இழுத்தார். இருமவும் இல்லை. மூடியைத் திறந்தார், தட்டினார், ஊதினார், யேசுவே என்றார்.

"உள்ள என்னவோ பொட்டிட்டு."

எஞ்சின் போச்சு.

துடுப்பு ஒன்றுதான். நீரோட்டம் எங்களை வெளிக்கடல் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. கரை மெலிசாகத் தெரிந்தது. செல்போன்கள் எல்லாம் மேரியின் அலமாரியில் பத்திரமாக இருந்தன.

"பயப்படாதீங்க, வள்ளங்க திரும்புத நேரம்" என்றார் டென்னிஸ். சொன்னபடி ஒன்று வந்தது. துடுப்பில் துண்டைக் கட்டி வீசினோம். அதில் இருந்தவர்கள் சந்தோஷமாகக் கை அசைத்தார்கள். ஒருவர் கட்டைவிரலைக்கூட உயர்த்திக் காட்டினார். நேராகப் போய்விட்டார்கள்.

அடுத்த வள்ளம். "ஏ... வாங்கோ! எஞ்சின் போச்சு!" என்று நாலு பேரும் சேர்ந்து கத்தினோம். அந்த வள்ளக்காரர் என்ன செய்தார் தெரியுமா? உதட்டின் மேல் விரலை வைத்து 'உஷ்' காட்டினார். ஆராய்ச்சிக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாதென்று தன் எஞ்சினை அணைத்து, துடுப்புப் போட்டு, சத்தமே இல்லாமல் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். இவ்வளவு பண்பான மனிதரை நான் பார்த்ததில்லை. அவரை அந்த நேரத்தில் என்னென்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

"அறிவிப்பு கொஞ்சம் தெளிவா அமைஞ்சுட்டு" என்றார் ஞானதாஸ் சார், மெதுவாக.

கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனது. ஒவ்வொருவராக உட்கார்ந்தோம். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நல்ல பயம். லைஃப் ஜாக்கெட்டின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடுப்பில் மூடாமல் வைத்துவிட்டு வந்த சாம்பாரைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். ஞானதாஸ் சார் பேசவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

சௌம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "சும்மாதானுங்களே இருக்கோம்" என்று மைக்கைத் தண்ணீருக்குள் விட்டாள்.

வந்தன.

எங்களுக்கு வெகு அருகில் ஒரு பெரிய முதுகு. அதை ஒட்டி, அளவெடுத்தது போல் ஒரு சின்ன முதுகு. குட்டி எங்கள் வள்ளத்தைப் பார்க்க விலகி வந்தது. சௌம்யா ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள்.

பலூனின் வாயை இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் ஒரு கீச்சு வருமே, அது மாதிரி, ஆனால் மேலே ஏறி, வளைந்து, இறங்கும் ஒரு சத்தம். தாய் கூப்பிடுகிறது. பதில் இல்லை. மறுபடி அதே ஏற்றம், அதே வளைவு, அதே இறக்கம். பதில் இல்லை. மறுபடியும். அப்புறம் எங்கேயோ பக்கத்திலிருந்து, மெல்லியதாக இன்னொன்று. குட்டியின் குரல். எனக்கு அழுகை வந்துவிட்டது. பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. கூப்பிட்டதும் பதில் கிடைத்ததும், அவ்வளவுதான்... அதற்கு மேல் அவை என்ன பேசினால் எனக்கென்ன?

நாலு பேரும் அசையவில்லை. ஊர்க்காரர்கள் மூன்று பேர் ஒரே இடத்தில் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது இதுவே முதல் தடவையாக இருக்கும். தாயும் குட்டியும் பேசி முடிக்கிற வரை பேசின.

அப்போது தூரத்தில் தடதடவென்று ஓர் எஞ்சின். நேராக எங்களை நோக்கி.

சௌம்யா என்ன செய்தாள் தெரியுமா? எழுந்து நின்று, போலீஸ்காரர் மாதிரி கையை நீட்டி, 'வராதே' என்று காட்டினாள்! ஞானதாஸ் சாரும் நானும் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து இறக்கினோம். நல்லவேளை, வந்தவர் அதைச் சட்டை செய்யவில்லை. அதே சத்தத்தோடு வந்து பக்கத்தில் ஒட்டி நிறுத்தினார். கட்டை மீசை, தலையில் சிவப்புத் துவர்த்துத் துண்டு. டென்னிஸ் அவரைப் பார்த்ததும் முகத்தை வெளிக்கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதிலேயே ஆள் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது.

சேசடிமை டென்னிஸைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அக்கா, எஞ்சின் போச்சாண்ணு அவருட்ட கேளுங்க."

இரண்டு பேருக்கும் நடுவே கைநீட்டித் தொடுகிற தூரம்தான்.

"போச்சுண்ணு சொல்லுங்க அக்கா" என்றார் டென்னிஸ், கடலிடம்.

"போச்சாம்" என்றேன்.

"கமிட்டில சொன்னா புதுசு வாங்கித் தரமாட்டாவளாமா?" என்றார் சேசடிமை.

"அக்கா, கயிறு போடச் சொல்லுதியளா, இல்ல நான் நீந்திப் போவவா?"

நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன். கயிறு வந்து விழுந்தது. டென்னிஸ் அதைக் கட்டினார். கட்டு சரியாக இருக்கிறதா என்று சேசடிமை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"நீங்க அறிவிப்பு கேக்கலியா?" என்று அவரிடம் கேட்டேன்.

"என்ன அறிவிப்பு? எங்க?"

"கோயில்ல. இந்த வள்ளம் நின்னா யாரும் பக்கத்துல போவண்டாம்ணு..."

"நான் கோயிலுக்குப் போறதில்லல்லா" என்றார். அப்புறம் யோசித்து, "நிக்க வள்ளத்த கேக்காம போணும்ணு சாமியாரா சொன்னாரு?" என்றார். நிஜமான அதிர்ச்சி அது. டென்னிஸ் குனிந்து, கட்டிய கயிற்றையே மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

சேசடிமையின் எஞ்சின் சத்தம் வருகிற இடம் வரைக்கும் சௌம்யாவின் பதிவு துல்லியமாக இருந்தது. மேலிடம் கேட்டுவிட்டு ஆராய்ச்சி தொடரலாம் என்று சொல்லிவிட்டது. சீசன் தோறும் வரப்போகிறாள். அப்படியானால் அவளுக்கு இனிமேலும் அமைதி வேண்டும், அறிவிப்பும் வேண்டும், இல்லையா? ஆனால் அவளே பங்குத்தந்தையைத் தேடிப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

"அந்த அறிவிப்பை ரத்து பண்ணிருங்க ஃபாதர். பதிவு கெட்டா கெட்டுட்டுப் போகுதுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை மைக்கில் சொன்னார்: கடலில் எந்த வள்ளம் நின்றாலும், அது டென்னிஸின் வள்ளமே ஆனாலும், போய்க் கேளுங்கள். கோயில் முழுக்கச் சிரிப்பு. முன்வரிசையில் டென்னிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

இந்த அறிவிப்பையும் சேசடிமை கேட்கவில்லை... அன்றைக்கும் அவர் பூசைக்கு வரவில்லை.